சிறகுத் தூள் உதிர்ந்தால் வண்ணத்துப்பூச்சி செத்துவிடுமா? (செதில், நரம்பு, நிறம், கசங்கிய சிறகு எல்லாம் இதே இழையில்)

#1 மாடித்தோட்டம் பெரம்பூர்
வணக்கம். தொட்டிக் கறிவேப்பிலையில் எலுமிச்சை அழகியின் கூட்டுப்புழுக்கள் 5 இருந்தன. ஒன்று வெளியே வந்துவிட்டது, ஆனால் சிறகு விரியாமல் சுருங்கியே நிற்கிறது. விரலில் ஏற்றினால் மஞ்சளும் கருப்புமாகத் தூள் ஒட்டுகிறது. தூள் போனால் பூச்சி செத்துவிடும் என்கிறார்கள். அந்தத் தூள் உண்மையில் என்ன? போனது திரும்ப முளைக்குமா? சிறகு விரியாததற்கு அதுதான் காரணமா? மீதி 4 கூடுகளுக்கு இப்போதே ஏதாவது செய்ய வேண்டுமா?

#2 செதில் செல்வி
அது தூள் இல்லை, செதில். ஒவ்வொரு துகளும் ஒரே ஒரு செல் வளர்ந்து, தட்டையாகி, கைட்டின் (பூச்சியின் வெளி ஓட்டுப் பொருள்) உறையை மட்டும் விட்டுவிட்டுச் செத்துப்போன மிச்சம். நீளம் ஏறக்குறைய 0.1 மி.மீ., அகலம் அதில் பாதி. ஒரு சதுர மி.மீ. பரப்பில் 200 முதல் 600 வரை நாட்டு ஓடு வேய்ந்த மாதிரி வரிசையாக ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். பெரும்பாலும் இரண்டு அடுக்கு: கீழே அடிச்செதில், மேலே மூடுசெதில். அடியில் சின்னக் காம்பு, அந்தக் காம்பு செருகியிருக்க ஒரு குழி. குழியைச் செய்வது இன்னொரு செல். செதில் செல்லும் குழிச் செல்லும் ஒரே தாய்ச் செல்லிலிருந்து பிறந்த உடன்பிறப்புகள்.

இதெல்லாம் கூட்டுப்புழுவுக்குள்ளேயே முடிந்துவிடும் வேலை. பூச்சி வெளியே வரும்போது செதில் உயிரற்ற பொருள். அதனால் உதிர்ந்தது திரும்ப முளைக்காது. ஆனால் உதிர்ந்ததற்காகப் பூச்சி சாவதும் இல்லை. செதில் அடியில் உள்ள சவ்வும், இலை நரம்பு மாதிரி அதைத் தாங்கும் குழாய்களான நரம்பும்தான் பறக்க வைப்பவை. நாலைந்து நாள் பறந்த எந்தப் பூச்சியைப் பார்த்தாலும் ஓரங்களில் செதில் குறைந்து கண்ணாடி மாதிரித் தெரியும், அது பாட்டுக்குப் பறந்துகொண்டுதான் இருக்கும்.

எளிதாக உதிர்வதில் ஒரு லாபமும் உண்டு. சிலந்தி வலையில் மோதும்போது பசையில் ஒட்டுவது செதில்தான். செதிலை விட்டுவிட்டு உடம்பு நழுவிவிடும். பூச்சியியலாளர் தாமஸ் ஐஸ்னரும் உடன் பணியாற்றியவர்களும் 1964-லேயே இதைச் சோதித்துக் காட்டினார்கள்.

உங்கள் பூச்சியின் சிறகு விரியாததற்கும் செதிலுக்கும் தொடர்பில்லை. அது வேறு கணக்கு. எருக்கம்பூ அண்ணன் வந்து சொல்லட்டும்.

#3 எருக்கம்பூ
சொல்கிறேன். கூட்டைவிட்டு வரும்போது சிறகு ஈரத்தில் நனைந்த சிறு பை மாதிரி, நகம் அளவுக்குத்தான் இருக்கும். பூச்சி உடனே மேலே ஏறி, சிறகு கீழே தொங்கும்படி நிற்க வேண்டும். பிறகு வயிற்றைச் சுருக்கி, காற்றையும் விழுங்கி, உடம்பிலுள்ள நிணநீரை (பூச்சிக்கு ரத்தம் மாதிரி) அழுத்தத்தோடு நரம்புகளுக்குள் தள்ளும். மடிப்புகள் விரிய 10 முதல் 20 நிமிடம் ஆகும். முழு அளவு வந்ததும் நீரை உடம்புக்குள் திரும்ப இழுத்துக்கொள்ளும். மேல் சவ்வும் கீழ்ச் சவ்வும் ஒட்டி ஒரே தகடாகும். அதன்பின் பர்சிகான் என்ற ஹார்மோன் கைட்டினை இறுக்கும். பறக்கும் அளவுக்கு விறைக்க 2, 3 மணி நேரம் விடுங்கள்.

தவறு நடப்பது பெரும்பாலும் முதல் 20 நிமிடத்துக்குள்தான். ஏற இடமில்லாமல் தரையிலேயே நின்றுவிட்டது, பிடி கிடைக்காமல் வழுக்கி விழுந்தது, விரியும்போது சிறகு நுனி டப்பா சுவரில் இடித்தது, கூட்டின் ஓடு காய்ந்து சிறகோடு ஒட்டிக்கொண்டது. எதுவானாலும் முடிவு ஒன்றே. விரியும் முன்னே இறுகினால் அந்த மடிப்பு நிரந்தரம். ஒரு மணி நேரம் கழித்து நாம் செய்யக்கூடியது எதுவும் இல்லை. ஊதாதீர்கள், தண்ணீர் தெளித்து இழுக்காதீர்கள். இழுத்தால் நரம்பு முறியும், நிணநீர் கசியும்.

மீதி 4 கூடுகளுக்கு:
கூடு செடியிலேயே இருந்தால் தொடவே வேண்டாம். மேலே 10 செ.மீ. வெற்றிடம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். எலுமிச்சை அழகியின் முன்சிறகு 4, 5 செ.மீ. வரும், அது மடங்காமல் தொங்க வேண்டும்.
பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்திருந்தால் உட்சுவரில் காடாத் துணியோ கொசுவலையோ அடியிலிருந்து மேல்வரை ஒட்டுங்கள். வழுவழுப்பான சுவர்தான் முக்கால்வாசிக் கசங்கலுக்குக் காரணம்.
கூடு கழன்று கீழே விழுந்திருந்தால், சுண்டல் பொட்டலம் மாதிரி தடித்த காகிதத்தில் கூம்பு செய்து, வால் கீழே, தலை மேலே இருக்கும்படி உள்ளே நிறுத்துங்கள். கூம்பு 3, 4 செ.மீ. உயரம் போதும், தலை வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். கூம்பைத் துணிச் சுவரோடு ஒட்டி வையுங்கள். வெளியே வந்ததும் நேரே துணியில் ஏறிவிடும். கூட்டில் பசை தடவி ஒட்டுகிறவர்கள் உண்டு, முன்பக்க ஓட்டில் பட்டுவிட்டால் திறக்க முடியாமல் உள்ளேயே இறந்துவிடும். கூம்பு பாதுகாப்பு.

வெளிவரும் நாளைக் கண்டுபிடிப்பதும் எளிது. சிறகில் வெளிர் நிறங்கள் முதலில் வரும், கருப்பு கடைசியில். கூட்டின் பக்கவாட்டில் சிறகின் கருப்பு வடிவம் தெரிந்தால் அநேகமாக மறுநாள் காலை.

#4 மாடித்தோட்டம் பெரம்பூர்
நன்றி அண்ணா. இரண்டு கூடு டப்பாவில்தான் இருக்கிறது, இன்றே துணி ஒட்டிவிடுகிறேன். வந்த பூச்சிக்கு அடியில் ஒரு சொட்டுச் செம்பழுப்புத் திரவம் இருந்தது. ரத்தமா?

#5 எருக்கம்பூ
இல்லை. கூட்டுக்குள் சேர்ந்த கழிவு, எல்லாப் பூச்சியும் வெளியே வந்ததும் கழிக்கும். பூச்சியின் நிணநீருக்குச் சிவப்பு கிடையாது, லேசான மஞ்சளோ பச்சையோதான். சிறகு விளிம்பில் தெளிந்த சொட்டு நின்றால் கவலைப்படுங்கள், அதுதான் நரம்பிலிருந்து கசிவது.

#6 லோகோ பாரி
செல்வி அக்கா சொன்னதில் ஒரு சேர்ப்பு. செதில் வெறும் நிறத்துக்கு மட்டும் இல்லை, தண்ணீர் ஒட்டாமல் இருப்பதும் அதனால்தான். மேற்பரப்பின் நுண் வரிகளுக்கு இடையே காற்று தங்குவதால் சொட்டு உருண்டு ஓடும், ஓடும்போது புழுதியையும் எடுத்துப் போகும். மணலி, எண்ணூர் சாலையோரப் புழுதியில் இலை எல்லாம் சாம்பல் பூத்துக் கிடக்கும்போது அங்கே திரியும் பூச்சியின் சிறகு பளிச்சென்று இருப்பது இப்படித்தான்.

நிறத்தைப் பற்றி ஒன்று. நீலமும் பச்சையும் பூச்சிச் சிறகில் நிறமியே இல்லை, முழுக்க ஒளியின் வேலை. பழுப்பு, மஞ்சள், சிவப்பு மட்டும்தான் நிறமி. சரிதானே?

#7 செதில் செல்வி
தம்பி, முதல் பாதி சரி. நிறம் பற்றிச் சொன்னதில் பாதிதான் சரி.

செதிலின் கீழ்த்தகடு வழுவழுப்பான மெல்லிய படலம். தடிமன் நானோமீட்டர் கணக்கில், 200-ஐ ஒட்டி. மேல்தகட்டில் நீளவாக்கில் வரப்பு வரப்பாக ஓடும், வரப்புக்கு வரப்பு 1, 2 மைக்ரான் இடைவெளி. இரண்டையும் நடுவில் குட்டித் தூண்கள் தாங்கும். எண்ணெய்ப் படலம் ரோட்டுத் தண்ணீரில் நிறம் காட்டுகிறதே, அதே இயற்பியல்தான் கீழ்த்தகட்டிலும் நடக்கிறது. பான்சி வகைப் பூச்சிகளில் கீழ்த்தகடு சற்றே தடித்தால் பொன்பழுப்பு நீலமாக மாறுவதை 2020-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ப்ளூ பான்சியின் நீலம் இந்த வகை.

ஆனால் டெயில்டு ஜே என்ற வண்ணத்துப்பூச்சியின் பச்சையைப் பாருங்கள். நெட்டிலிங்க மரம் வைத்த தெருவெல்லாம் அது வரும். அதன் பச்சைத் திட்டு பித்த நிறமி வகையால் வருவது, நிறமி தங்குவதும் பெரும்பாலும் சவ்வில். ஆக நீலம், பச்சை எல்லாம் ஒளிவிளையாட்டு என்று ஒரே அடியாகச் சொல்ல முடியாது.

மறுபக்கமும் உண்டு. வெள்ளையை நாம் நிறமி என்று நினைக்கிறோம், அது பெருமளவு ஒளிச்சிதறல். வெள்ளைப் பூச்சியின் உதிர்ந்த சிறகில் ஒரு சொட்டு ஸ்பிரிட் விடுங்கள், எண்ணெய்க் காகிதம் மாதிரி ஊடுதெரியும். உலர்ந்ததும் பழைய வெள்ளை.

எது எதென்று பார்க்க மருந்தே தேவையில்லாத சோதனை ஒன்று உண்டு. சிறகை முதலில் மேலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள், பிறகு பின்னாலிருந்து. பின்னால் வெளிச்சம் போட்டால் ஒளியால் வந்த நீலம் மறைந்து அடியிலுள்ள பழுப்பு மெலனின் மட்டும் தெரியும். நிறமியாக இருந்தால் கண்ணாடித் தாள் மாதிரி அதே நிறத்தைக் காட்டும். இன்னும் உறுதி வேண்டுமென்றால் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் ஒரு சொட்டு. ஒளி நிறம் மங்கும், அல்லது பச்சைப் பக்கம் நகரும். நிறமி அசையாது.

நிறமிகளும் குடும்பத்துக்குக் குடும்பம் வேறு. எலுமிச்சை அழகி குடும்பத்தின் வெளிர்மஞ்சளுக்கு பாப்பிலியோக்ரோம், பான்சி, வரியன் குடும்பத்தின் செம்பழுப்புக்கு ஓமோக்ரோம், வெள்ளை, மஞ்சள் பூச்சிகளின் குடும்பத்துக்கு டெரின். டெரின் என்ற பெயரே சிறகுக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பின்னாளில் வைட்டமின் ஆய்வுக்காக 1929-இல் நோபல் வாங்கிய ஹாப்கின்ஸ், இளமையில் ஆராய்ந்தது இந்த மஞ்சள் சிறகு நிறமியைத்தான். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் ஃபோலிக் அமில மாத்திரையின் மூலக்கூறிலும் இதே டெரின் வளையம் இருக்கிறது. இதைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லித்தர வேண்டும் என்பது என் கருத்து.

#8 ஓட்டேரி டீச்சர்
பள்ளி மைக்ராஸ்கோப்பில் இதைக் காட்ட முடியுமா? எங்களிடம் 4, 10, 40 பொருள்வில்லைதான் உண்டு. இன்னொன்று, நரம்பைக் காட்ட சிறகை அமிலத்தில் நனைத்து ப்ளீச்சில் போடச் சொல்லி ஒரு செய்முறை கண்ணில் பட்டது. பிள்ளைகளோடு செய்யலாமா?

#9 செதில் செல்வி
டீச்சர், அமிலம் வேண்டவே வேண்டாம். ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ப்ளீச்சும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். ஆய்வகத்தில் புகைபோக்கிக் கூண்டுக்குள் செய்கிறவர்களுக்கான முறை அது. அமிலம் இல்லாமலே வேலை நடக்கும், கொஞ்சம் நேரம் கூடும், அவ்வளவுதான்.

செதில் பார்க்க: தானாக இறந்த பூச்சியின் சிறகை எடுங்கள், விளக்கின் அடியிலும் சிலந்தி வலையின் கீழும் கிடைக்கும். செல்லோடேப்பை லேசாக ஒற்றி, ஸ்லைடில் ஒட்டுங்கள். அழுத்தித் தேய்த்தால் வரிசை கலைந்துவிடும். 4-இல் ஓடு வேய்ந்த வரிசை முழுச் சிறகில் தெரியும், அதற்கு ஸ்லைடின் மேல்பக்கமாக டார்ச்சைச் சாய்த்து அடிக்க வேண்டும். 10-இல் தனிச் செதிலின் வடிவம், காம்பு, நுனிப் பற்கள். 40-இல் கீழிருந்து ஒளி விட்டால் நீளவாக்கு வரப்புகள் மெல்லிய கோடுகளாகத் தெரியும். செதில் உதிர்ந்த சவ்வைப் பார்த்தால் குழிகள் வரிசையாக இருப்பதும் தெரியும், பிள்ளைகளுக்கு அதுதான் மிகவும் பிடிக்கும்.

நரம்பு பார்க்க: சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் 1, 2 நிமிடம் நனையுங்கள், இல்லாவிட்டால் சிறகு மிதக்கும், ப்ளீச் உள்ளே போகாது. பிறகு தண்ணீரில் ஒருமுறை அலசி, ப்ளீச்சும் தண்ணீரும் சரிபாதி கலந்த கலவையில் போடுங்கள். 5 நிமிடத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருங்கள், கருப்பு கடைசியில்தான் போகும், 15 நிமிடம் வரை ஆகலாம். நிறம் போன அடுத்த நிமிடமே எடுத்துவிட வேண்டும், விட்டால் சவ்வே குழைந்துவிடும். இடுக்கி வேண்டாம், சின்ன பிரஷ்ஷால் தூக்குங்கள். தண்ணீரில் 5 நிமிடம் வீதம் இரண்டு முறை அலசி, கிளிசரின் ஒரு சொட்டில் மூடுகண்ணாடி போடுங்கள். கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, திறந்த ஜன்னல் மூன்றும் கட்டாயம். பக்கத்தில் அம்மோனியா பாட்டிலும் இருக்கக் கூடாது. ஸ்லைடு, மூடுகண்ணாடி எல்லாம் பாரிமுனைப் பக்கம் லேப் சாமான் கடைகளில் பெட்டியாகவே கிடைக்கும்.

நரம்பில் எதைக் காட்டுவது என்றால்: முன்விளிம்பை ஒட்டித் தடித்த நரம்புகள் நெருங்கி ஓடும், பின்விளிம்புப் பக்கம் போகப் போக இடைவெளி கூடும். சிறகின் நடுவே ஒரு பெரிய அறை. வெந்தய வரியனில் அந்த அறை மூடியிருக்கும், பான்சியின் பின்சிறகில் திறந்திருக்கும். எலுமிச்சை அழகி குடும்பத்தின் பின்சிறகில் உடம்பை ஒட்டி ஓடும் குத நரம்பு ஒன்றே ஒன்று, மற்றக் குடும்பங்களில் இரண்டு. நரம்புகளுக்குப் பெயரிடும் முறையை 1898-இல் காம்ஸ்டாக், நீதம் இருவரும் ஒழுங்குபடுத்தினார்கள், இன்றும் புழக்கத்தில் இருப்பது அதன் வழிவந்த முறைதான்.

ஒரு எச்சரிக்கை: கிரிம்சன் ரோஸ் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் நெடுங்காலம் இருந்த பூச்சி. அதன் சிறகைச் சேகரிக்கவே வேண்டாம், படம் எடுத்தால் போதும். வகுப்புக்கு எலுமிச்சை அழகியே தாராளம்.

#10 புழல் கரை
முன்விளிம்பு தடிமன் என்று அக்கா சொன்னதன் காரணத்தையும் சொல்லிவிடலாம். சிறகைக் கீழே அடிக்கும்போது விசை முழுக்க அந்த விளிம்பில்தான் ஏறும். பின்பகுதி வளைந்து கொடுக்க வேண்டும், அதனால் அங்கே நரம்பு மெலிவு. மேலே இரண்டு சிறகும் ஒன்றோடொன்று அறைந்து பிரியும்போது நடுவே சிறகு கிண்ணம் மாதிரிக் குழியும், அந்தக் குழியிலிருந்து காற்று பின்னால் பீச்சப்படும். 2021-இல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தார் வளையும் சிறகையும் விறைத்த சிறகையும் இயந்திரத்தில் பொருத்தி ஒப்பிட்டார்கள். வளையும் சிறகில் உந்துதல் 22 சதவீதமும் திறன் 28 சதவீதமும் கூடின.

முன்சிறகும் பின்சிறகும் சேர்ந்து அடிக்க அந்துப்பூச்சிகளில் பலவற்றுக்குக் கொக்கி மாதிரி முள் உண்டு. வண்ணத்துப்பூச்சிக்கு அது கிடையாது, பின்சிறகின் அடிப்பகுதி அகன்று முன்சிறகின் கீழே முட்டுக் கொடுக்கும். ஆஸ்திரேலியாவின் ரீஜன்ட் ஸ்கிப்பர் ஆண் மட்டும் விதிவிலக்கு.

#11 மாடித்தோட்டம் பெரம்பூர்
அப்படியென்றால் பின்சிறகு இல்லாமலே பறக்குமா?

#12 புழல் கரை
பறக்கும். 2008-இல் ஜான்ட்ஸனும் ஐஸ்னரும் பின்சிறகை நீக்கிப் பார்த்தார்கள். பறந்தது, ஆனால் வேகமும் திடீரென்று திரும்பும் திறனும் குறைந்தன. கரிச்சானிடமிருந்து தப்பிக்க அந்தத் திருப்பம்தான் வேண்டும். பின்சிறகு நுனி கிழிந்த பூச்சிகள் நிறையக் கண்ணில் படுவதற்கு இதுவே காரணம், பறவை கொத்தியது வாலோரத்தில், உயிர் தப்பிவிட்டது. முன்சிறகின் முன்விளிம்பு முறிந்த பூச்சி மட்டும் எழும்பாது.

#13 லோகோ பாரி
செதில் உயிரற்றது என்று ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் சிறகு முழுவதுமே நகம் மாதிரி உயிரற்ற தகடுதானே?

#14 எருக்கம்பூ
இல்லை பாரி, இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். சவ்வின் செல்கள் பெரும்பாலும் போய்விடும், நரம்புக்குள் மூச்சுக் குழாயும் நிணநீரும் உணர்வு நரம்பும் கடைசிவரை இருக்கும். 2020-இல் கொலம்பியா, ஹார்வர்டு ஆய்வாளர்கள் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் எழுதியதைப் பாருங்கள். உயிருள்ள பகுதிகளான நரம்பும், ஆண் பூச்சி வாசனை வெளிவிடும் வாசனைத் திட்டும் மற்றப் பகுதியைவிட வெப்பத்தை அதிகமாக வெளிவிட்டுக் குளிர்ந்திருக்கின்றன. சில வகைகளில் சிறகுக்குள்ளேயே துடிக்கும் சிறு இதயம் போன்ற உறுப்பையும் கண்டார்கள். சிறகில் ஒரு புள்ளியை ஒளியால் சுட வைத்தால், ஏறக்குறைய 40 டிகிரியில் பூச்சி திரும்பிக்கொள்கிறது அல்லது நகர்ந்துவிடுகிறது. சிறகே சூட்டை உணர்கிறது என்று அர்த்தம்.

நம்மூர் மே மாத வெயிலில் இதை நேரிலேயே பார்க்கலாம். காலையில் சிறகை விரித்து வெயில் காயும் பான்சி, உச்சிவேளையில் சிறகை மூடி, வெயிலுக்கு விளிம்பை மட்டும் காட்டி நிற்கும். காலையில் காய்வதன் பயன் பெரும்பாலும் உடம்பை ஒட்டிய அடிச்சிறகிலிருந்துதான், நுனியின் சூடு உடம்புக்கு வந்து சேராது.

வாசனைத் திட்டு என்றேனே, வியாசர்பாடி ரயில் பாதையோர எருக்கில் திரியும் வெந்தய வரியனிடம் பார்க்கலாம். பின்சிறகில் ஆணுக்கு நான்கு கரும்புள்ளி, பெண்ணுக்கு மூன்று. ஆணின் நான்காவது புள்ளிதான் அந்த வாசனைப் பை. பின்சிறகில் ஒரே ஒரு கரும்புள்ளி மட்டும் இருந்தால் அது வரியனே இல்லை, அதைப் போல வேடமிட்ட டானெய்ட் எக்ஃப்ளை பெண். பருப்புக்கீரை முளைத்த காலி மனைகளில் தேடுங்கள்.

#15 ஓட்டேரி டீச்சர்
கறிவேப்பிலையில் வரும் காமன் மார்மன் பெண்ணும் ரோஜா அழகி மாதிரி வேடமிடுமே, சிறகை வைத்து எப்படிப் பிரிப்பது?

#16 எருக்கம்பூ
சிறகை வைத்துக் குழம்பாதீர்கள் டீச்சர், உடம்பைப் பாருங்கள். ரோஜா அழகிக்கும் கிரிம்சன் ரோஸுக்கும் உடம்பு சிவப்பு, மார்மனுக்குக் கருப்பு. ஒரே இனப் பெண்ணுக்கு மூன்று வடிவச் சிறகு வருவது டபுள்செக்ஸ் என்ற ஒற்றை மரபணுவின் வேலை என்று 2014-இல் கிருஷ்ணமேக் குண்டே குழுவினர் நேச்சர் இதழில் காட்டினார்கள்.

#17 மாடித்தோட்டம் பெரம்பூர்
துணி ஒட்டிய டப்பாவில் ஒரு பூச்சி இன்று காலை 7 மணிக்கு வந்தது, நான்கு சிறகும் முழுதாக விரிந்துவிட்டன. பின்சிறகு ஓரத்தில் மட்டும் ஒரு சின்ன மடிப்பு. விடலாமா? கசங்கிய முதல் பூச்சியை என்ன செய்வது?

#18 எருக்கம்பூ
பின்சிறகு ஓரம்தானே, பறக்கும். 10 மணிக்கு மேல் வெயில் நன்றாக விழும் இடத்தில் செடியில் ஏற்றி விடுங்கள். மதியத்துக்கு மேல் கடற்காற்று வலுக்கும், அதற்குள் விட்டுவிடுவது நல்லது. பிடிக்க வேண்டி வந்தால் நான்கு சிறகையும் சேர்த்து மூடி, முன்விளிம்பை ஒட்டி, உடம்புக்கு அருகே இரு விரலால் பிடியுங்கள். நுனியைப் பிடித்தால் துடிக்கும்போது கிழியும்.

கசங்கிய பூச்சி பறக்காது, ஆனால் சாப்பிடும். ஒரு பங்கு சர்க்கரைக்குப் பத்துப் பங்கு தண்ணீர், பஞ்சில் நனைத்துக் காலடியில் வையுங்கள். பாதத்தில்தான் சுவை தெரியும், தொட்டதும் உறிஞ்சுகுழல் தானாக நீளும். பஞ்சைத் தினமும் மாற்றுங்கள், புளித்துவிட்டால் எறும்பு வரும். இட்லிப்பூவோ உண்ணிப்பூவோ பக்கத்தில் இருந்தால் பூவின் மேலேயே வைத்துவிடலாம்.